இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு

பான்ஷான் கேட்காத ரெக்கார்டே கிடையாது என்பது ஷில்லாங்கில் பாட்டுக்காரர்களிடையே இருந்த பேச்சு. வாரநாட்களில் அவன் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் பையன்களுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பவன். சனிக்கிழமை மத்தியானமானால் லைதும்க்ராவில் கிட்போக்கின் காபிக்கடை மாடிக்கு வந்துவிடுவான். அங்கே மஃப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சொந்தமாகப் பாட்டெழுதிச் சொந்தமாகவே பதிவு செய்து வெளியிடும் யாராவது ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பான். உன்னை முதலில் உலுக்கியது யாருடைய பாட்டு, எந்த ரெக்கார்டைத் தேயத் தேயக் கேட்டாய், யாரைப் பார்த்து கிட்டாரைத் தூக்கினாய் என்று கேட்பான். கீழேயிருந்து காபி வாசனையும் மேலே தகரக் கூரையில் மழையும் இருக்கும். கூட்டம் சுவரோரம் வரை நிற்கும். கிட்போக் அதையெல்லாம் பதிவு செய்து இணையத்தில் போடுவான். கிட்போக்கும் ஒரு காலத்தில் பாடியவன்தான். அவனுடைய குழு வெளியிட்ட ஒரே ரெக்கார்டின் அட்டை கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கும்.

யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் பான்ஷானிடம் ஒரு பதில் இருக்கும். "அவங்களோட ரெண்டாவது ரெக்கார்ட்தான் அசல்" என்பான். "டிரம்ஸ்காரன் மாறினப்புறம் அந்த உயிர் போயிடுச்சு" என்பான். பேச வந்தவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். ஊர்க்கோடியில் ஒரு அறைக்குள் தனியாகக் கேட்ட பாட்டை இன்னொருவனும் கேட்டிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் மலராது?

உண்மையில் அதில் பாதியை அவன் கேட்டதில்லை. கல்லூரி நாட்களில் கூடப் படித்த பையன்களுக்கு வெளிநாட்டு மாமாக்கள் இருந்தார்கள், ரெக்கார்டுகள் வந்தன. இவனுக்கு வந்தவையெல்லாம் பழைய பத்திரிகைகள்தான். ரெக்கார்டுகளைப் பற்றி அவற்றில் எழுதியிருந்ததைப் படித்துப் படித்து, கேட்காமலே பேசக் கற்றுக்கொண்டான். அப்போது அது ஒரு தற்காப்பு. பிறகு எல்லாப் பாட்டும் எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிட்டது; நினைத்தால் கேட்டிருக்கலாம். ஆனால் "அதை நான் கேட்டதில்லை" என்ற வாக்கியம் மட்டும் அவன் வாயில் வரவே மறுத்தது.

ஒரு சனிக்கிழமை ரிடாலின் வந்தாள். மாவ்லாய்க்காரி, மழலையர் பள்ளி ஆசிரியை. தன் முதல் ரெக்கார்டைத் தானே வெளியிட்டிருந்தாள். கூச்சக்காரி. கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு அதன் முதுகைத் தடவியபடியே பேசினாள்.

"சரி, ஹெப்," என்றான் பான்ஷான், தங்கையைக் கூப்பிடுவதுபோல. "உன்ன முதல்ல உலுக்குனது யாரு? பயப்படாம சொல்லு. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."

"வெட் மேச்சஸ்," என்றாள் அவள். நனைந்த தீக்குச்சிகள். "அவங்களோட ஒரு கேசட். அத வந்து நான்..."

கூட்டம் பான்ஷானைப் பார்த்தது. அப்படி ஒரு குழுவை அவன் கேள்விப்பட்டதே இல்லை. பெயரைப் பார்த்தால் இங்கிலாந்துக் குழுவாக இருக்கும், எண்பதுகளில் வந்து மறைந்ததாக இருக்கும் என்று ஒரு கணத்தில் முடிவு கட்டினான்.

"அட, வெட் மேச்சஸா," என்று நாற்காலியில் சாய்ந்தான். "என்கிட்ட இருக்கே அந்தக் கேசட்."

ரிடாலினின் கை கிட்டாரின் மேல் அப்படியே நின்றது. "உங்ககிட்டயா, பாஹ்? இருக்கா?" என்றாள், அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

அவள் கண் விரிந்ததை அவன் வியப்பு என்று எடுத்துக்கொண்டான். அது அவனுக்கு இன்னும் தெம்பைக் கொடுத்தது. "ரெண்டாம் பக்கம் முதல் பாட்டு. அதுக்கு ஈடு கிடையாது. பாடறவன் குரல் லேசா கரகரன்னு, சளி பிடிச்ச மாதிரி இருக்கும் பாரு. அந்தக் கரகரப்புலதான் மொத்த உயிரும் இருக்கு."

அவள் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அது எங்க அண்ணன், பாஹ் பான்ஷான்."

பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். கூட்டம் முழுக்கத் தட்டியது. ஊரே மறந்துபோன ஒரு உள்ளூர்க் குழுவின் கேசட்டைக்கூட வைத்திருக்கிறான் என்று அவனுக்காகத் தட்டினார்கள். "இல்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று சொல்ல அப்போது இடம் இருந்தது. அவன் தலையைக் குனிந்து, அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் ரிடாலின் அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணன் டெய்போர் நண்பர்களோடு குவஹாத்திக்குப் போய்ப் பாட்டுப் பதிவு செய்துவிட்டு வந்தான். கேசட் பிறகு வரும் என்று வீட்டில் சொன்னான். கேசட் வருவதற்குள் நோங்போ வளைவில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பயிற்சி செய்ததைக் கேட்டதுதான் அவள் கேட்டதெல்லாம்.

"நான் கேட்காத கேசட்தான் என்ன உலுக்குச்சின்னு சொல்ல வந்தேன்," என்றாள். "அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க. எங்க வீட்ல யாருமே அதக் கேட்டதில்ல. அம்மாவ ஒரு தடவ கேட்க வைக்கணும்."

"தங்கச்சி வீட்டுப் பெட்டியில எங்கயோ கிடக்கு," என்றான் பான்ஷான். "தேடணும். பழைய நாடா வேற. ஓடுமான்னு பாத்துட்டுச் சொல்றேன்." படியிறங்கும் முன் மூன்று பொய். எதற்கும் நாக்கு தடுக்கவில்லை என்பதை அவனே கவனித்தான்.

மறுநாள் தேவாலயம் முடிந்த நேரத்தில், தன் வீட்டுச் சரிவில் வயதான அம்மா ஒருவர் ஏறி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். மேலாடையான ஜைன்சமை ஒழுங்காகத் தோளில் முடிந்து, ஒரு கையில் தூக்குப் பாத்திரம், இன்னொரு கையில் துணியால் மூடிய ஏதோ. நின்று நின்று மூச்சு வாங்கி, பக்கத்து வீட்டில் அவன் பெயரைச் சொல்லி வழி கேட்டார். யார் என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பான்ஷான் செருப்புக்கூடப் போடாமல் பின்கதவு வழியாக இறங்கி, முட்டைக்கோஸ் பாத்திகளைத் தாண்டி, கீழ்த்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தான். கடைக்காரி அவன் வெறுங்காலைப் பார்த்தாள். பொண்டாட்டி துரத்திவிட்டாளா என்று கேட்டாள். அவன் சிரித்து வைத்தான்.

திரும்பி வந்தபோது அவன் மனைவி டாஃபிஷா சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஜாதோ சோறும் கறுப்பு எள் அரைத்த பன்றிக் கறியும். பக்கத்தில் ஒரு பழைய டேப்ரெக்கார்டர்.

"ரிடாலினோட அம்மா, கோங் த்ரிலியான் வந்துட்டுப் போனாங்க," என்றாள், மூத்த பெண்களுக்குச் சொல்லும் மரியாதையோடு. "கேசட் ஓடுமான்னு பாக்க உங்ககிட்ட மெஷின் இருக்கோ என்னவோன்னு அவங்களோடத தூக்கிட்டு வந்திருக்காங்க. புது பேட்டரி போட்டிருக்காங்களாம். நல்லா நேரம் உக்காந்திருந்தாங்க. மகன் எப்படி வாளியக் கவுத்துப் போட்டு டிரம் அடிப்பான்னு சொல்லிச் சிரிச்சாங்க." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்தப் பேர உங்க வாயால நான் கேட்டதில்ல. அந்தக் கேசட் உங்ககிட்ட இல்ல. இல்லையா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு இது இறங்காது," என்று அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே விளையாடிவிட்டு வந்தவர்கள் கறியை ஒரு பிடி பிடித்தார்கள். அந்தப் பாட்டி அடிக்கடி வருவாங்களா என்று சின்னவள் கேட்டாள்.

"போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க," என்றாள் டாஃபிஷா.

"கொஞ்சம் பொறு. நிஜமாவே ஒரு கேசட் எங்கயாவது இருக்கும். அதக் கண்டுபிடிச்சிட்டா..."

"கண்டுபிடிச்சிட்டா பொய் உண்மையாயிடுமா?"

ஆகிவிடும் என்றுதான் அவன் நம்பினான். ரிடாலின் கைப்பேசியில் கூப்பிட்டபோதெல்லாம் பெட்டிச் சாவி கிடைக்கவில்லை, தங்கை ஊரில் இல்லை என்று ஒவ்வொரு சாக்காக அவிழ்த்துவிட்டான். அவள் ஒவ்வொன்றையும் நம்பினாள். "அவசரமில்ல பாஹ், நீங்க இவ்வளவு மெனக்கெடறதே பெருசு" என்றாள். அந்த நன்றி அவனை முள்ளாகக் குத்தியது. நாலு பேரைக் கேட்டு, வெட் மேச்சஸில் பேஸ் கிட்டார் வாசித்த வான்போக் ஜோவாய் சாலையில் டயர்க்கடை வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, பள்ளிக்கு ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனான்.

வான்போக் ஒரு லாரி டயரை நெம்புகோலால் பிரித்துக்கொண்டிருந்தான். பான்ஷான் தன் பெயரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீதானா அது," என்றான். "என் மருமகன் போட்டுக் காட்டினான் நீ பேசுனத. ரெண்டாம் பக்கம் முதல் பாட்டு. கரகரப்புக் குரல்."

பான்ஷான் காது சூடேற நின்றான். "எங்கயாவது ஒரு பிரதி இருக்குமா, பாஹ்?"

"எதோட பிரதி?" வான்போக் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உக்காரு. அப்படி ஒரு கேசட்டே கிடையாது. ஒரு பாட்டுகூடப் பதிவாகல. டெய்போர் மைக் முன்னாடி நின்னான். சிவப்பு விளக்கு எரிஞ்சுது. குரல் வரல. அவன் வீட்டுச் சமையலறையில கூரை பறக்கப் பாடுறவன், பாட்டு மறந்த பள்ளிக்கூடப் பையனாட்டம் நின்னான். திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஸ்டூடியோக்காரன் டீ குடிச்சிட்டு வாங்கன்னான். குடிச்சிட்டு வந்தா இவன் கிட்டாரப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டு உக்காந்திருக்கான். பஸ்ல வரும்போது, 'வீட்ல முடிஞ்சதுன்னு சொல்லிடுங்கடா, அடுத்த மாசம் போய் நிஜமாவே முடிச்சிடலாம்'னான். அடுத்த மாசம் அவன் இல்ல."

வான்போக் நெம்புகோலை எடுத்து, மறுபடி கீழே வைத்தான்.

"புதைச்ச அன்னிக்கு அந்தம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, கேசட் எப்ப வரும்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்றது? சீக்கிரம் வரும்னேன். அப்புறம் அந்தத் தெருப்பக்கமே போகல." வான்போக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நாங்க இத்தனை வருஷம் வாய மூடிக்கிட்டுக் கெடந்தோம். நீ அரை நிமிஷத்துல வாயத் தெறந்துட்ட."

"அவங்க வீட்ல சொல்லட்டுமா?"

"உன் இஷ்டம். என்னால முடியல."

ஷில்லாங் திரும்பும் சுமோவில் இரண்டு பேருக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த பான்ஷானுக்கு, பல வாரங்களுக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. எதனால் என்று யோசித்தபோது விளங்கியது. கேசட்டே இல்லை என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம். உங்கள் மகன்தான் முதலில் பொய் சொன்னான், அவன் நண்பன் அதைக் காப்பாற்றினான், நான் கடைசியில் வந்தவன். மூன்றாவது ஆளின் பொய்யை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? எப்படித் தொடங்குவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்றுகூட ஒத்திகை பார்த்தான். மாவ்ரிங்நெங் தாண்டும்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. செத்துப்போன ஒரு பையன் மைக் முன்னால் நடுங்கி நின்றதை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொள்ளப் பார்க்கிறான். பக்கத்தில் இருந்தவர், வாந்தி வருகிறதா, வண்டியை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவன் மாவ்லாய்க்குப் போனபோது மழை விட்டிருந்தது. கோங் த்ரிலியான் அவனை உள்ளே அழைத்து, அடுப்பருகே பிரம்பு மோடாவில் உட்காரவைத்து, பாக்கும் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையும் தட்டில் வைத்து நீட்டினார். அதை வாயில் போடாமல் அந்த வீட்டில் பேச்சைத் தொடங்க முடியாது. பான்ஷான் மென்றான்.

"கிடைச்சுதா?" என்று ரிடாலின் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"என்கிட்ட இல்ல," என்றான். "எப்பவும் இருந்ததில்ல. நீ சொல்ற வரைக்கும் அந்தப் பேர நான் கேட்டதே இல்ல. கூட்டத்துக்கு முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன். அப்புறம் அதுமேலயே பொய்யா அடுக்கினேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "அப்ப அந்தக் கரகரப்புக் குரல்?"

"யாரப் பத்திப் பேசினாலும் ஏதாவது அப்படிச் சொல்லிடுவேன்."

"எங்க அண்ணன் குரல் கரகரப்பாவே இருக்காது," என்றாள் ரிடாலின். குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "கண்ணாடி மாதிரி இருக்கும். நீங்க அப்படிச் சொன்னதக் கேட்டுட்டு, ஒருவேளை அன்னிக்கு அவனுக்குச் சளி பிடிச்சிருக்கும்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

"நான்தான் சொன்னேன்," என்றார் கோங் த்ரிலியான், அடுப்புக் கரியைத் தள்ளியபடி. "குவஹாத்திக்குக் கிளம்பும்போது இருமிக்கிட்டே போனான், கஷாயம் வச்சுக் கொடுத்தேன்னு சொன்னேன். நெஜமாவே ஞாபகம் வந்துச்சு எனக்கு. எந்தக் குவளைங்கிறது வரைக்கும் ஞாபகம் வந்துச்சு."

தன் ஒரு வாக்கியம் இந்த வீட்டுக்குள் வந்து, செத்த பிள்ளையின் குரலையே மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பான்ஷானுக்கு அழுகை வரவில்லை. அழுதால் அவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான் வந்தது. வாயிலிருந்த பாக்கை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

"தேடினீங்களா, அதுவும் பொய்யா?" என்றாள் ரிடாலின்.

"தேடினேன். பாஹ் வான்போக்கப் போய்ப் பாத்தேன்."

"என்ன சொன்னாரு?"

அவன் நாக்கு ஒரு கணம் தயங்கியது. "அவர்கிட்டயும் இல்லன்னாரு." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.

கோங் த்ரிலியான் அடுப்பருகிலிருந்து எழுந்தார். பிறகு டேப்ரெக்கார்டரை எடுத்து அதன் மேலிருந்த மழைத்துளியை ஜைன்சம் நுனியால் துடைத்து அலமாரியில் வைத்தார். ரிடாலின் கதவைத் திறந்துவிட்டாள். "எங்க உக்காந்து சொன்னீங்களோ, அங்கயே உக்காந்து இதையும் சொல்லுங்க," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் எதிரே யாரையும் உட்காரவைக்கவில்லை. நடந்ததைச் சொன்னான். ரிடாலின் வரவில்லை. சொல்லி முடித்ததும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இப்போது ஏதோ வேடிக்கை வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு டிரம்ஸ்காரன் எழுந்தான்.

"அப்ப போன மாசம் நான் சொன்ன அந்த ஜப்பான் ரெக்கார்ட்? ரெண்டாவது பாட்டு பிரமாதம்னீங்களே?"

"கேட்டதில்ல."

"சரி, எங்க ரெக்கார்ட்?" என்றாள் ஜன்னலருகே இருந்த ஒருத்தி. "என்ன வச்சு ஒரு மணி நேரம் பேசினீங்க."

"பாதி கேட்டேன்."

"எந்தப் பாதி?" என்று யாரோ கத்த, மாடி அதிரச் சிரிப்பு. அதன்பின் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். இல்லை, கேட்டதில்லை, கொஞ்சம் கேட்டேன், இல்லை. சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிட்டது. பதிவுக் கருவிக்குப் பின்னால் நின்றிருந்த கிட்போக் கடைசியாகக் கேட்டான். அவன் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையைப் பற்றிப் பான்ஷான் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகப் புகழ்ந்திருக்கிறான்.

"என்னோடது, பான்?"

பான்ஷான் மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். "இல்ல, கிட்."

கிட்போக் கருவியை அணைத்தான். கம்பிகளைச் சுருட்டினான். அதற்குள் கூட்டம் படியிறங்கத் தொடங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமைப் பேச்சு அதோடு நின்றது. சில மாதம் கழித்து அந்த டிரம்ஸ்காரன் அதை எடுத்து நடத்தினான், நன்றாகவே நடத்தினான். பான்ஷானுக்கு ஊரில் 'செகண்ட் சைடு' என்று பெயர் விழுந்தது. ஜாதோ கடையில் சாப்பிட உட்கார்ந்தால், "செகண்ட் சைடு, இந்தக் கறிய நீ சாப்பிட்டதுண்டா, இல்ல படிச்சதோட சரியா?" என்று கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. கிட்போக் கடைப்பக்கம் போக வேண்டியிருந்தால் எதிர்ச்சாரியில் நடந்தான். மாவ்லாய்ப் பக்கம் போவதையே விட்டான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மார்கழி மாதத்தில், பெரிய சந்தையின் படிக்கட்டு நெரிசலில் யாரோ பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குரல் தெரிந்தது. கூடை சுமப்பவர்களுக்கு நடுவில் நுழைந்து மறைந்துவிடலாம் என்று கால் ஒருமுறை எழுந்தது. நின்றான்.

கோங் த்ரிலியான் கனத்த பையை அவன் கையில் கொடுத்தார். டாக்ஸி நிற்கும் இடம்வரை கூட வரச் சொன்னார். கிழங்கு விலை, மூட்டு வலி, ரிடாலின் இப்போது குவஹாத்தியில் பாடப் போயிருப்பது என்று பேசிக்கொண்டே வந்தவர், கறிக்கடை வரிசையைத் தாண்டியதும் சொன்னார்: "வான்போக் வீட்டுக்கு வந்தான். எல்லாத்தையும் சொன்னான். அழுதான்."

பான்ஷான் நின்றுவிட்டான். பின்னால் வந்த சுமைக்காரன் திட்டினான்.

"உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும், கோங்."

"சொல்லியிருந்தா உன் பொய் சின்னதாத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தன்னை நல்லவன் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று அவனுக்குப் பதறியது. "சொல்லத்தான் நினைச்சேன். சுமோவுல வர்ற வழியெல்லாம் அதத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன்."

அவர் முன்னே நடந்து டாக்ஸி நிற்கும் இடத்துக்கு வந்தார். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்து, ஜைன்சமைக் கதவில் சிக்காமல் இழுத்துக்கொண்டார்.

"பையக் கால்கிட்ட வை. பாத்து, அடியில தக்காளி இருக்கு."

அவன் குனிந்து வைத்தான். முகம் எரிந்துகொண்டிருந்தது. வண்டி நகர்ந்த பிறகும், பை இருந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், வழியை அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.